களப்பு நீரும் நம் கைத் துடுப்பும்



ஹல்துமுல்லை நகரை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவை மலையகத்துச் சகோதரிகள் நன்கு அறிவார்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் இந்த ஏ-4 வீதி, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என இறங்கிச் சென்று பொத்துவிலில் கரையோரத்தை அடைகிறது. அங்கிருந்து அக்கரைப்பற்று, கல்முனை ஊடாக மட்டக்களப்பில் முடிகிறது. தேயிலை மலையில் தொடங்கும் ஒரு பயணம் களப்பு நீரின் கரையில் போய் முடிகிறது என்று சொல்லலாம்.

நமக்கும் கிழக்கு, வடக்குக் கரைகளுக்கும் உள்ள உறவு இந்த வீதியோடு மட்டும் நிற்கவில்லை. 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் நடந்த இனவன்செயல்களின்போது மலையகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் குடியேறின. காடு வெட்டிக் குடியமர்ந்த அவர்களை இறுதி யுத்தமும் விட்டுவைக்கவில்லை. 2009 இன் பின்னர் சிலர் சொந்தங்களைத் தேடி மீண்டும் தோட்டத்து லயங்களுக்கு வந்தனர். அவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர் என்ற வகையிலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கரையோரக் களப்புகளிலும் கழிமுகங்களிலும் உவர்ச் சதுப்புகளிலும் சிறு படகுகளில் விருந்தினரை வழிகாட்டி அழைத்துச் செல்லும் தொழில் இன்று பல நாடுகளில் வளர்ந்து வருகிறது. இதற்குக் "கயாக்" என்னும் துடுப்புப் படகு பெரிதும் பயன்படுகிறது. நம் நாட்டிலும் கல்பிட்டி, மட்டக்களப்பு, அறுகம்குடா போன்ற இடங்களில் இதனைக் காணலாம். இத்தொழிலில் நம் பெண்களுக்கு இடமுண்டா, அந்த நீரை நாம் மீண்டும் நெருங்க முடியுமா என்பதே இங்கு நாம் சிந்திக்க வேண்டிய விடயம்.

கயாக் என்பது என்ன?

கயாக் ஒரு நீளமான, ஒடுங்கிய, பாரமற்ற படகு. ஒருவரோ இருவரோ முன்னோக்கி அமர்ந்து, இரண்டு முனைகளிலும் தட்டையான அலகுள்ள துடுப்பினால் இடமும் வலமுமாக மாறிமாறி வலித்துச் செல்வர். வடதுருவப் பகுதியில் வாழும் இனுவிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காக இதனை உருவாக்கினர். மரத்தாலோ எலும்பாலோ சட்டகம் செய்து அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தினர்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வேட்டைக்குப் போனவர்கள் ஆண்கள். ஆனால் தோலைப் பதப்படுத்தி, ஒரு துளி நீரும் புகாதபடி தைத்தவர்கள் பெண்கள். தையல் பிழைத்தால் வேட்டைக்காரனின் உயிர் போய்விடும். அந்தப் பெண்ணின் ஊசியை நம்பித்தான் ஆண் கடலுக்குப் போனான். நம் கரையோரங்களிலும் இதே நிலைதான். வலை பொத்துவதும் மீன் பிரிப்பதும் கருவாடு போடுவதும் களப்பின் ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிப்பதும் பெண்களின் வேலை. எனினும் "மீனவர்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனதில் ஓர் ஆணின் உருவமே தோன்றுகிறது. பெண்ணின் உழைப்புக் கணக்கில் வராமற் போவதைக் கொழுந்து பறிக்கும் நம்மை விட யார் அறிவார்?

இக்காலத்துக் கயாக்குகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் செய்யப்படுகின்றன. மேலே திறந்த இருக்கை உள்ள வகையில் கவிழ்ந்தால் அகப்பட்டுக்கொள்ளும் பயம் இல்லை. புதிதாகப் பழகுவோருக்கு அதுவே ஏற்றது. இயந்திரம் இல்லாததால் எண்ணெய்ச் செலவு இல்லை, சத்தமும் இல்லை. இயந்திரப் படகு எழுப்பும் அலை கரை மண்ணை அரிக்கும், பறவைகளைக் கலைக்கும். துடுப்புப் படகினால் இத்தீங்குகள் மிகவும் குறைவு.

உப்பும் நன்னீரும் கலக்கும் இடம்

ஆற்று நீர் கடலோடு கலக்கும் இடம் கழிமுகம். மணல்மேட்டினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, ஒடுங்கிய வாயினால் மட்டும் கடலோடு தொடர்புபட்டு நிற்கும் நீர்நிலை களப்பு. மட்டக்களப்பில் இதனை வாவி என்பர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி "பாடும் மீன்" கதையினால் நாடறிந்தது. இந்நீர்நிலைகளின் ஓரத்தில், உவர்நீர் ஏறி வடியும் தாழ்ந்த நிலத்தில், உமரி போன்ற சிறு செடிகள் மட்டும் படர்ந்த வெளியே உவர்ச் சதுப்பு. இலங்கையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் இங்குள்ள உவர்ச் சதுப்புகள் மேலைநாடுகளில் உள்ளவை போல மைல்கணக்கில் உள்நாட்டுக்குள் நீள்வதில்லை. எனினும் மன்னார்ப் பகுதியில் அவை பரந்து கிடக்கின்றன. மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பூநாரைகள் கூட்டமாக இறங்கும் இடம் அது.

சதுப்பை அடுத்து நீரோரமாக நிற்பவை கண்டல் மரங்கள். சிலவற்றின் வேர்கள் முட்டுக்கால் கொடுத்ததுபோல் தண்டிலிருந்து வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கும். கண்ணா மரத்தின் வேர்களோ பென்சில் நட்டதுபோல் சேற்றுக்கு மேலே தலை நீட்டி மூச்சு விடும். அம்மரம் தன் உடலில் சேரும் உப்பை இலை வழியாக வெளியேற்றும். அந்த இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். சில கண்டல் மரங்களின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, நீண்ட முளையோடு சேற்றில் விழுந்து வேரூன்றும். மீன்குஞ்சும் இறால்குஞ்சும் நண்டும் வளர்வது இந்த வேர்களுக்கிடையில்தான். கண்டலை வெட்டினால் களப்பில் மீன்படுவது குறையும் என்பதற்குக் காரணம் இதுவே.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமியின் பின்னர் இம்மரங்களின் பெறுமதியை உலகம் பேசத் தொடங்கியது. தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டக் கரையோரத்தில் நடத்தப்பட்டு 2005 இல் வெளியான ஓர் ஆய்வு, மரச்செறிவின் பின்னால் இருந்த கிராமங்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டதை எடுத்துக்காட்டியது. அதே மாவட்டத்தில்தான் பிச்சாவரம் இருக்கிறது. சிதம்பரத்துக்கு அண்மையில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேயர் பரப்பில் கண்டல் காடும் நூற்றுக்கணக்கான சிறு நீரோடைகளும் கொண்ட இடம். உள்ளூர்ப் படகோட்டிகள் துடுப்பு வலித்து விருந்தினரை அழைத்துச் செல்வது அங்கு பல்லாண்டு காலத் தொழில்.

பொத்துவிலில் கண்டது

பொத்துவில் களப்பிலும் உள்ளூர் மீனவர்கள் இத்தகைய சுற்றுலாவை நடத்துகின்றனர். நம் பிரிவிலுள்ள மாதர் சங்கத்துப் பெண்களோடு நானும் ஒருமுறை அங்கு சென்றேன். இரண்டு சிறு தோணிகளைப் பலகையால் பிணைத்து, அதன்மேல் இருக்கை போட்ட படகு. மீனவர் ஒருவர் பின்னால் நின்று கம்பினால் ஊன்றிச் செலுத்தினார். காலை நேரம் ஆதலால் காற்று இல்லை. கரையோரச் செடிகளுக்கிடையில் யானைத் தடம் இருந்தது. மீன்கொத்திகளும் கொக்குகளும் கபரக்கொய்யாவும் கண்டோம். சற்றுத் தூரத்தில் இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கயாக்கில் சத்தமின்றிக் கடந்து போயினர்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். கணவரை 2009 இல் இழந்து, பிள்ளையோடு தாயின் தோட்டத்துக்கு வந்தவர். அவர் படகின் நடுவில் அமர்ந்து இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோடும் பேசவில்லை. படகோட்டி அதைக் கவனித்துவிட்டு, "இஞ்ச பாருங்க தங்கச்சி" என்று சொல்லிக் கம்பை நேராக நீருக்குள் இறக்கிக் காட்டினார். நீர் கம்பின் பாதியைக்கூட எட்டவில்லை. "இடுப்பளவுதான். விழுந்தாலும் எழும்பி நடக்கலாம்" என்றார். அதன் பின்னரே அப்பெண் வாய் திறந்தார். என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"அண்டைக்கும் இந்தளவு தண்ணிதான் மிஸ். ஆனா எதில மிதிக்கிறோமெண்டு தெரியேல்ல."

அவர் சொன்னது நந்திக்கடலை. 2009 ஏப்ரல், மே மாதங்களில் புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் பகுதிகளில் அடைபட்டிருந்த மக்களில் பல்லாயிரம் பேர் களப்பு நீரில் இறங்கியே வெளியேறினர். பிள்ளையைத் தோளில் வைத்தும் முதியோரைச் சுமந்தும் அந்த நீரைக் கடந்தவர்கள் இதனைப் படிப்போரிலும் இருப்பீர்கள். அவ்வாறான ஒருவருக்குக் களப்பின் மணமும் சேற்றின் தொடுகையும் எதைக் கொண்டுவரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் அவர் கைகளைத் தளர்த்தி, விரல்களை நீரில் விட்டபடி வந்தார். அவ்வளவுதான் நடந்தது. நோய் தீர்ந்தது, பயம் போனது என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் ஆழத்தை முன்கூட்டியே காட்டிய ஒரு மனிதரின் கம்பு, அவருக்கு அன்று உதவியது. உளவளத்துணையில் நாம் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுதான். பாதிக்கப்பட்டவரைத் திடீரென்று பழைய பயத்துக்குள் தள்ளக்கூடாது. என்ன நடக்கப் போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கரை திரும்பலாம் என்ற உறுதி வேண்டும். நல்ல வழிகாட்டி ஒருவர் கயாக் பயணத்தில் செய்வதும் இதையே. ஆகவே, கரையில் இருக்க விரும்பும் சகோதரியை யாரும் கேலி செய்யவோ வற்புறுத்தவோ வேண்டாம். கரையிலிருந்தும் செய்வதற்கு வேலை உண்டு.

பெண்கள் செய்து காட்டியவை

"பெண்கள் படகு வலிப்பதா?" என்று கேட்பவர்களுக்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன.

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், சிந்துதுர்க் மாவட்டத்தில் வெங்குர்லா என்னும் கரையோர ஊர் உள்ளது. அங்குள்ள மாண்ட்வி கழியில் "சுவாமினி" என்னும் பெண்கள் சுயஉதவிக் குழு 2017 ஆம் ஆண்டில் கண்டல் காட்டுச் சுற்றுலாவைத் தொடங்கியது. ஸ்வேதா ஹுலே என்பவர் இதில் முன்னின்றார். மாநில அரசின் கண்டல் பாதுகாப்புப் பிரிவும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் துணைபுரிந்தன. அப்பெண்கள் துடுப்பு வலிக்கப் பழகினர். மரங்களின் வகைகளையும் பறவைகளின் பெயர்களையும் கற்றனர். தாங்களே விருந்தினருக்கு விளக்கினர்.

நம் நாட்டில், ஏ-4 வீதி சென்று சேரும் அதே கரையில், அறுகம்குடாப் பெண்கள் 2018 இல் அலைச்சறுக்குக் கழகம் ஒன்றை அமைத்தனர். இலங்கையில் பெண்களுக்கென்றே அமைந்த முதலாவது அலைச்சறுக்குக் கழகம் அதுவே. கடல் ஆண்களுக்குரியது, வெயிலில் கறுத்தால் கல்யாணம் நடக்காது என்ற பேச்சுகளைக் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் நீரில் இறங்கினர்.

சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்னும் அமைப்பு, அமெரிக்காவின் சீக்கொலொஜி நிறுவனத்துடனும் அரசுடனும் சேர்ந்து 2015 இல் நாட்டின் எல்லாக் கண்டல் காடுகளையும் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தது. களப்போரங்களில் வாழும் 15,000 பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது அதன் முக்கிய பகுதி. பெண்கள் அதற்குக் கைம்மாறாகத் தம் ஊர்க் கண்டலைக் காக்க வேண்டும் என்பதே உடன்பாடு. 2016 இல் பம்பல என்ற இடத்தில் கண்டல் அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. மரத்தைக் காப்பது பெண்ணின் அடுப்போடும் வருமானத்தோடும் சேர்ந்த விடயம் என்பதை இத்திட்டம் ஏற்றுக்கொண்டது.

கணக்குப் பார்த்து இறங்குவோம்

சகோதரிகளே, ஆசை காட்டுவது எளிது. கடன் காட்டிய ஆசையினால் நொந்தவர்கள் நம்மில் பலர். நுண்கடன் வட்டியில் சிக்கிய பெண்களின் நிலை எவ்வளவு மோசமாக இருந்ததென்றால், 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களை நீக்க அரசே தலையிட வேண்டியதாயிற்று. ஆகவே தனியொரு பெண் வட்டிக்குக் கடன் வாங்கிக் கயாக் வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

சுற்றுலா நிலையற்ற தொழில். 2018 இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு விருந்தினர் இலங்கைக்கு வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும் அடுத்து வந்த கொவிட் தொற்றும் சேர்ந்து, 2021 இல் அத்தொகையை 2 இலட்சத்துக்கும் கீழே தள்ளின. 2024 இல் அது மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. கிழக்குக் கரையில் விருந்தினர் பெருமளவில் வருவது மே முதல் செப்டெம்பர் வரையே. மாரி மழையில் தொழில் நின்றுவிடும். எனவே இது தோட்டம், கோழி, தையல், மீன் பதனிடல் போன்ற வேறொரு வருமானத்தோடு சேர்ந்து நடக்க வேண்டிய தொழில்.

இறங்க விரும்பும் குழுக்கள் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விகள் சில:

படகுகள் சங்கத்தின் பெயரில் இருக்குமா, தனியாள் பெயரில் இருக்குமா? கட்டணத்தில் படகோட்டிக்கு எவ்வளவு, சமைப்பவருக்கு எவ்வளவு, பழுதுபார்க்க எவ்வளவு, கண்டல் நடுகைக்கு எவ்வளவு? அந்த நீரில் ஏற்கனவே வலை போடும் குடும்பங்கள் சம்மதிக்கின்றனவா? பிரதேச செயலகம், கடற்றொழில் திணைக்களம், ஒதுக்கிடமாயின் வனஜீவராசிகள் திணைக்களம் ஆகியவற்றின் அனுமதி உண்டா? வழிகாட்டிக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு பெற முடியுமா?

இந்தக் கேள்விகள் வெறும் சம்பிரதாயம் அல்ல. 2017 இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம் வயல்களும் குடியிருப்புக் காணிகளும் அதற்குள் சேர்க்கப்பட்டதாக மக்கள் முறையிட்டனர். பாதுகாப்பு என்ற பெயரிலும் சுற்றுலா என்ற பெயரிலும் காணியும் கரையும் கைமாறுவதுண்டு. முடிவெடுக்கும் கூட்டத்தில் பெண்கள் இருக்க வேண்டும். பின்வரிசையில் தேநீர் கொடுப்பவர்களாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

உயிர்க் காவல் முதலில்

நீச்சல் தெரியாதவர் நீரில் ஏறலாம். உயிர்காப்பு அங்கி இல்லாதவர் ஏறக்கூடாது. அங்கி உடலுக்கு அளவாக, வார்கள் இறுக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். வழிகாட்டி ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் செல்ல வேண்டும். புறப்படும்போதும் திரும்பும்போதும் ஆட்களை எண்ண வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தப் போகாமல் படகையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், அது மிதக்கும்.

காலையில் புறப்படுவது நல்லது. காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வருமாறு வழியை அமைக்க வேண்டும். கச்சான் காற்று எழுந்தால் அன்று பயணம் இல்லை. மழைக்குப் பின் முகத்துவாரம் வெட்டித் திறந்த நாட்களில் நீர் கடலை நோக்கி இழுக்கும், அப்பக்கமே போகக்கூடாது. முதலை உள்ள களப்புகளில் கையை நீரில் விடலாமா, எங்கே இறங்கலாம் என்பதை உள்ளூர் மீனவரே அறிவார். அவர் சொல்லைத் தட்டக்கூடாது. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வைக்கும் ஆபத்து. கிளை ஒடிக்க வேண்டாம்.

மலையிலிருக்கும் நமக்கு என்ன?

கொஸ்லந்தை அருகே 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியை நாம் பேருந்திலிருந்தே பார்க்கிறோம். அந்த நீர் கிரிந்தி ஓயாவில் சேர்ந்து, தென்கரையில் புந்தல அருகே கடலை அடைகிறது. 1990 இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமான புந்தலயின் களப்புகளில் நடந்ததைக் கேளுங்கள். லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டப்பட்டு, 1980 களின் பிற்பகுதியிலிருந்து வயல்களில் வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் சேர்ந்தது. உவர்த்தன்மை குறைந்தது. இறால் பிடித்து வாழ்ந்த குடும்பங்களின் வருமானமும் குறைந்தது. மேலே ஒருவர் செய்வது கீழே இன்னொருவரின் சட்டியில் தெரியும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை ஹல்துமுல்லைப் பிரதேசம் மறக்காது. மரமும் வேரும் வடிகாலும் கவனிக்கப்படாத சரிவில் மண் நிற்காது. அங்கே உயிர் குடிக்கும் மண், ஆற்றோடு போய்க் கழிமுகத்தை நிரப்புகிறது. மலைச்சரிவில் வேரைக் காக்கும் பெண்ணும் களப்போரத்தில் கண்டலை நடும் பெண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

கரையோரச் சகோதரிகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் களப்பின் ஆழமும் மேடும் உங்களுக்குத் தெரியும். எந்த மாதம் எந்தப் பறவை வரும், எந்த வேரடியில் நண்டு இருக்கும் என்பதும் தெரியும். அந்த அறிவுக்கு வெளியூரிலிருந்து வருபவர் பணம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அதை இன்னொருவர் உங்களிடம் கேட்டறிந்து விற்பதற்கு முன், நீங்களே சங்கமாகக் கூடிப் பேசுங்கள். மலையகத்து மாதர் சங்கங்கள் வருடத்துக்கொரு சுற்றுலா போவது வழக்கம். அடுத்த முறை கோவில் தரிசனத்தோடு ஒரு களப்புக் கரைக்கும் போய், பெண்கள் நடத்தும் படகு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்று பதில் வந்தாலும் பரவாயில்லை. வாங்குவதற்கு ஆள் உண்டு என்பதை அக்கேள்வி அங்குள்ள சகோதரிகளுக்குத் தெரிவிக்கும்.